ஏடும் எண்ணிமமும்

மரபறிவைக் காத்தல் என்னும் பொருள் இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. பேசுவோர் பெரும்பாலும் காக்குங் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். காக்கப்படும் பொருள் யாது என வினவுவோர் சிலரே. ஏடொன்றைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்த்துவிட்டால் அவ்வேட்டிலுள்ள அறிவு காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றி வருகின்றது. ஈழத்துத் தமிழரின் மருத்துவ ஏடுகளை முன்னிறுத்தி, அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஆராய்வது ஈண்டு நோக்கமாகும்.

நன்மையை முதலிற் கூறுதல் முறையாம். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீயிடப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அதன் கணக்கையேனும் உலகம் அறியும். ஈராண்டு கழித்து, 1983 ஆடியில், கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது அவ்வீட்டுப் பெட்டகங்களிலும் அலுமாரிகளிலும் இருந்த ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் எத்தனை என்று கணக்கெழுதினார் இலர். பின்வந்த போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து நடந்தவர்கள் பிள்ளையையும் அரிசியையும் சுமந்தனர். ஏட்டுக்கட்டைச் சுமக்க அவர்களுக்குக் கை மிஞ்சவில்லை. இத்தகைய வரலாற்றையுடைய மக்களிடையே 2005ஆம் ஆண்டில் இளைஞர் சிலர் கூடி 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். தன்னார்வ உழைப்பிலே தொடங்கிய அம்முயற்சி இன்று ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், மலர்கள் எனப் பல்லாயிரக் கணக்கான ஆவணங்களைக் கொண்டு நிற்கின்றது. ரொறன்ரோவிலுள்ள மாணவனும் கொட்டாஞ்சேனையிலுள்ள மாணவியும் ஒரே வேளையில் ஒரே நூலை விரித்துப் படிக்கலாம். ஒரு தீக்குச்சி இனி அதனை அழித்தல் அரிது. இதனை எளிதென எண்ணுவோர் 1981ஐ அறியாதவர் ஆவர்.

நூலகத்தாரின் முயற்சியைச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் முயற்சியோடு ஒப்பிடுதல் மேடைகளில் வழக்கமாய்விட்டது. ஒப்புமை ஒருவாற்றாற் பொருந்துவதே. சிறுப்பிட்டியிற் பிறந்த அப்பெரியார் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்து வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். ஏடுகள் கையிலெடுக்க ஒடிந்துதிரும் நிலையைத் தம் பதிப்புரையில் அவர் வருந்தியெழுதியதைத் தமிழ் கற்றோர் அறிவர். ஆயின் ஒப்பிடுவோர் ஒரு வேற்றுமையை மறந்துவிடுகின்றனர். தாமோதரம்பிள்ளை ஏட்டைப் படித்தார். ஒன்றோடொன்றை ஒப்புநோக்கினார், பாடங்களுள் இது கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என முடிவுசெய்தார், அம்முடிவிற் பிழை நேரின் அதனைத் தம் தலைமேற் கொண்டார். படக்கருவி அவற்றுள் ஒன்றையுஞ் செய்வதில்லை. ஏட்டை உள்ளவாறே காட்டுதல் அதன் தொழில். அத்தொழில் செவ்வனே நிகழ்ந்தபின்னும், ஏடு படிக்கத் தெரியாதான் முன் ஏடு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே படமும் இருக்கும். அச்சு நூல்களைப் பொறுத்தவரை இக்குறை பெரிதன்று. எழுத்தறிந்தார் எவரும் படித்துக்கொள்வர். ஓலைச்சுவடியின் நிலை வேறு.

பழைய ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேற்றுமை காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். இதனால் 'கொடி' என்பதும் 'கோடி' என்பதும் ஒரே வடிவாய் அமையும். 'பால்' என்பதனைப் 'பரல்' எனவும் படிக்கலாம். இலக்கிய ஏடாயின் யாப்பும் எதுகையும் துணைசெய்யும். மருத்துவ ஏட்டிலோ, அடுத்து வருஞ் சரக்கு இன்னது என முன்னரே அறிந்தவனே பிழையறப் படிக்க வல்லவன். அஃதாவது, ஏட்டைப் படித்து மருந்தை அறிதல் ஒரு பாதி. மருந்தை அறிந்து ஏட்டைப் படித்தல் மறு பாதி. பின்னைய பாதி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

எழுத்தைத் தாண்டினாற் பரிபாடை நிற்கும். சித்த மருத்துவ நூலோர் சரக்குகளை மறைபெயரால் வழங்குதல் பெருவழக்கு. குமரி என்றாற் கற்றாழை என்பது பலர் அறிந்த எளிய சான்று. அரியன பல உள. அதனையுந் தாண்டினாற் செய்முறை. 'சுத்திசெய்து சேர்க்க' என்று ஏடு இரண்டு சொல்லில் முடித்துவிடும். நேர்வாளம் கடும் பேதியை உண்டாக்கும் நச்சுவித்து. சேங்கொட்டையின் பால் மேனியிற் பட்டாற் கொப்புளிக்கும். இவற்றைச் சுத்திசெய்யும் முறையைப் பரியாரியார் தம் மாணாக்கனுக்கு அடுப்பின் அருகிருத்திக் காட்டினார். எத்துணைக் கொதி, எந்நிறம், எம்மணம் வந்தால் இறக்குவது என்பன கண்ணாலும் மூக்காலும் கற்றவை. ஏடு எழுதியவர் அவற்றை எழுதாது விட்டமை சோம்பலால் அன்று. அடுப்பருகே இராதவன் கையில் அம்மருந்து அகப்படலாகாது என்னும் எச்சரிக்கையும் அதில் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சுரைக்காய் பற்றியேனும் அஞ்சவேண்டியதில்லை. சேங்கொட்டை பற்றி அஞ்சவேண்டும். மருத்துவ ஏட்டின் பக்கமொன்று கைத்தொலைபேசிகளில் ஊர்சுற்றி, 'முன்னோர் மருந்து' என்னும் தலைப்போடு எல்லார் கையிலும் சேரும் இந்நாளில் இவ்வச்சம் வீணன்று.

இதிலிருந்து போதரும் உண்மை ஒன்றுண்டு. எண்ணிமப் பணியாளர் தம் வேலையை ஏட்டின் வயதை நோக்கி ஒழுங்குசெய்கின்றனர். மிகப் பழையதும் மிகச் சிதைந்ததும் முதலிற் படமாக்கப்படுகின்றன. முறை சரியானதுபோலவே தோன்றும். ஆயின் எண்ணெயிட்டு நன்கு பேணிய ஓலை ஒரு நூற்றாண்டுக்கு மேலும் நிற்க வல்லது. அதனைப் படித்துப் பொருள்சொல்லி மருந்து முடிக்க வல்ல முதியவருக்கு எஞ்சியிருப்பது எத்தனை ஆண்டு? ஏடு காத்திருக்கும், அவர் காத்திருக்கமாட்டார். ஆதலின் அவசரம் என்னுஞ் சொல் இப்பணியில் முதலிற் சேரவேண்டிய இடம் ஓலையன்று, வாசிப்பவரே. ஒரு பரம்பரை வைத்தியர் தம் வீட்டு ஏட்டை வாய்விட்டு வாசித்து, ஐயமான இடத்தில் நிறுத்தி, இஃது இன்ன சரக்கு எனக் கையிலெடுத்துக் காட்டுவதை ஒலியும் ஒளியுமாகப் பதிந்து, அப்பதிவை ஏட்டின் படத்தோடு பக்கம் பக்கமாக இணைத்தல் வேண்டும். ஏட்டின் படமும் வாசிப்பின் ஒலியும் சேர்ந்தவழியே அவ்வறிவிற் பெரும்பகுதி கைவரும்.

நூலகத்தார் இதனை முற்றும் அறியாதவரல்லர். 'ஆவணகம்' என்னும் பெயரால் ஒலி, காணொளி, நிழற்படம் முதலியவற்றுக்கு அவர்கள் தனியே ஒரு களஞ்சியம் வைத்திருக்கின்றனர். வாய்மொழி வரலாறுகளையும் பதிந்து வருகின்றனர். குறை கூறவேண்டின் ஆதரிப்போரையே கூறல் தகும். 'எத்தனை பக்கம் ஏற்றினீர்?' என்று வினவும் அளவுக்கு 'எத்தனை பக்கத்தைப் படிப்பித்து வைத்தீர்?' என்று பொருள் வழங்குவோர் வினவுவதில்லை. பக்கம் எண்ணுதற்கு எளிது. ஒரு முதியவரோடு பத்து நாள் திண்ணையில் இருந்தமையை எந்த அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இனி, தேடுதல் என்னும் பகுதியைக் காண்போம். கணினியிற் சேர்ந்த அறிவு, தேடி எடுக்கக்கூடியதாய் இருந்தாலன்றி மூட்டையிற் கட்டிய அறிவேயாம். தேடுதற்குப் பெயர் வேண்டும். யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பூக்கீரை எனும் பூண்டைத் தமிழகத்தார் சிறுபீளை என்பர். சிங்கள மக்கள் பொல்பலா என்பர். 'பொல்' என்பது தேங்காய். 'பலா' என்பது கீரை. தமிழகத்துப் பெயரைவிடச் சிங்களப் பெயரோடு யாழ்ப்பாணப் பெயர் நெருங்கி நிற்றல் காண்க. இத்தீவிலே இரு மொழியாரும் ஒரே பூண்டை ஒரே கண்ணாற் கண்டிருக்கின்றனர். மருந்து மட்டுமன்று, ஒரு வரலாறும் அப்பெயருள் இருக்கின்றது. ஆயினும் தமிழகத்து அகராதியை வைத்து விவரப்பட்டியல் செய்தால் 'தேங்காய்ப்பூக்கீரை' என்று தேடும் மாணவிக்கு விடை கிடையாது; பொல்பலா என்று தேடும் சிங்கள மாணவனுக்கும் கிடையாது. நன்னாரியும் இரமுசும் ஒன்றே என அறிந்த பெண்கள் கொட்டாஞ்சேனை வீடுகளில் இன்றும் உளர். அவர்களை எந்தப் பட்டியலாளரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எழுத்துக் குறியீடுகளின் கதையும் இத்தகையதே. மருந்தேட்டிற் சரக்கின் பெயருக்கு அடுத்துவருவது அளவு. முந்திரி (320இல் ஒன்று), காணி (80இல் ஒன்று), மா (20இல் ஒன்று) முதலிய பின்னங்களுக்கும், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைகளுக்கும் முன்னோர் தனித்தனிக் குறிகள் வழங்கினர். தமிழ் எழுத்துக்கள் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றபோதும், இக்குறிகளுட் பல 2019ஆம் ஆண்டிலேதான் அதில் இடம்பெற்றன. இருபத்தெட்டு ஆண்டுக் காலம் தமிழ் மருந்தேடு ஒன்றைக் கணினியில் உள்ளவாறு பெயர்த்தெழுதல் இயலாதிருந்தது. அளவில்லாத மருந்துக் குறிப்பு என்னாகும் என்பதை விரிக்கவேண்டுவதில்லை.

அதற்கிடையில் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் 'பாமினி' என்னும் எழுத்துருவில் ஏராளமாக எழுதிக் குவித்தனர். அது உரோம எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவத்தைப் பொருத்திய உபாயம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக்களே வரிவரியாகத் தோன்றும். மாற்றிக்கொள்ளும் வழி உண்டு, உண்மை. ஆயின் அவ்வரிகள் பாமினியில் எழுதிய தமிழ் என அறிந்தவன் ஒருவன் இருக்கவேண்டும். நெகிழ்தட்டிற் பதித்த கோப்புகளுக்கோ அதனைச் சுழற்றும் பெட்டியையே தேடி அலையவேண்டும். இருநூறாண்டு பழைய ஓலையைச் சூரிய வெளிச்சத்திற் பிடித்துப் படிக்கலாம். முப்பதாண்டு பழைய தட்டை எவ்வெளிச்சத்திலும் படித்தல் இயலாது. எண்ணிமம் நிலையானது என்று கூறுவோர் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

இடத்தைப் பற்றியும் அவ்வாறே. அழிநிலை ஆவணங்களைப் படமாக்கும் பெருந்திட்டமொன்றை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தி வருகின்றது. மூலம் தன் நாட்டிலேயே இருத்தல் வேண்டும், படம் இரண்டிடத்திலும் இருக்கும் என்பது அதன் நெறி, போற்றத்தக்க நெறி. தமிழகத்திற் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கிராம வழக்காவணங்களை அதன் வழியாகப் படமாக்கியது. ஆயினும் 2023 ஒற்றோபரில் அந்நூலகத்தின் கணினிகள்மேல் நிகழ்ந்த தாக்குதலால், அங்கு வைக்கப்பட்ட படங்களைப் பல மாதங்கள் எவரும் காண இயலவில்லை. தீயிட்டவர் எவரும் அங்குச் செல்லவில்லை. ஒரு செங்கல்லும் பெயரவில்லை. நூலகம் ஒன்று மூடுண்டு போவதற்கு 1981இன் வழி ஒன்றே வழியன்று என்பது அன்று தெளிவாயிற்று.

இதுகாறுங் கூறியவை காத்தலிலுள்ள இடர்கள். காத்தபின் எழும் இடர் ஒன்றுண்டு, அது கடினமானது. அறிவு எவருடையது? 1995இல் அமெரிக்காவிலே, புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையொன்றையும் காட்டி வாதிட்டு 1997இல் அதனை நீக்குவித்தது. எந்தப் பாட்டியும் அறிந்ததை நிறுவுதற்கு அச்சிட்ட தாள் வேண்டியிருந்தது என்பதே அவ்வழக்கின் பாடம். அதன் பயனாக 2001இல் தோன்றியதே இந்தியாவின் மரபறிவு எண்ணிம நூலகம். ஆயுள்வேதம், சித்தம், யூனானி முதலிய நூல்களிலுள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, யேர்மன், யப்பானியம், இசுப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிற் பெயர்த்துக் காப்புரிமை அலுவலகங்களுக்கு அது வழங்கியது. தீய காப்புரிமைகள் பலவற்றை அது தடுத்துள்ளமை மெய். ஆயின் அதன் அமைப்பை நோக்குவார்க்கு ஒன்று உறுத்தும். அவ்வைந்து மொழிகளுள் தமிழ் இல்லை. இந்திய மொழி ஒன்றுமே இல்லை. சித்த நூல் எழுதியவரின் வழித்தோன்றல் தன் பாட்டனின் மருந்தை அங்கே சென்று படித்தல் நெடுங்காலம் இயலாதிருந்தது. காப்புரிமை அலுவலகத்துக்கு அப்பாலும் கதவைத் திறக்க இந்திய அமைச்சரவை இசைந்தது 2022இலேதான். காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையும் உள்ளே விடாத கதை இது.

மேலும், அக்களஞ்சியம் எழுதப்பட்ட நூலையே சான்றாகக் கொள்வது. வாய்மொழியாய் நிற்கும் அறிவு அதற்கு வெளியே கிடக்கின்றது. உள்ளே வரவேண்டின் முதலில் வெளியிடப்படல் வேண்டும். வெளியிட்டபின் அது எல்லார்க்கும் பொதுவாய்விடும். அகத்தியமலைக் காணிக்காரர் கதையை ஈண்டு நினைத்தல் தகும். 1987இல் அம்மலைக்குச் சென்ற ஆராய்ச்சியாளர், வழிகாட்டிகளாய் வந்த காணிக்காரர் ஒரு காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். தம் குலத்து மறை எனத் தயங்கி, பின்னரே அவர்கள் அதனைக் காட்டினர். திருவனந்தபுரத்து வெப்பவலயத் தாவரப் பூங்கா அதிலிருந்து 'சீவனி' என்னும் மருந்தை ஆக்கி, 1995இற் கோயம்புத்தூர் மருந்தகம் ஒன்றுக்கு உரிமம் வழங்கி, வந்த தொகையிற் பாதியைக் காணிக்காரருக்கு ஒதுக்கியது. உலகெங்கும் எடுத்துக்காட்டாய்ப் பேசப்பட்ட உடன்பாடு அது. ஆயினும் காணிக்காரருள் மருத்துவமும் சடங்கும் வல்ல 'பிலாத்தி'கள் அதனை எதிர்த்தனர். மறையைக் காட்ட வழிகாட்டிகளுக்கு உரிமை கொடுத்தது யார் என்பது அவர்தம் வினா. பணத்தைப் பங்கிடும் விதி எழுதிய அறிஞர் அவ்வினாவுக்கு விதி எழுதினாரில்லை. அத்தாவரத்தின் விஞ்ஞானப் பெயரில் 'செய்லானிக்கஸ்' என்னும் அடைமொழி இருக்கின்றது; இலங்கைக்குரியது என்பது பொருள். நம் தீவின் பெயரைச் சுமந்த செடியின் மறை மலையாள நாட்டிலே வெளிப்பட்டது.

இலங்கையும் இவ்விடரின் வெளியே நிற்கவில்லை. சிங்களத்திற் கொத்தலஹிம்புட்டு எனப்படும் கொடியின் கட்டையைக் குவளையாகக் கடைந்து, இரவில் நீர் ஊற்றிவைத்துக் காலையிற் குடித்தல் நீரிழிவுக்கு இந்நாட்டார் கண்ட முறை. அக்கொடியின் சாறு பற்றி வெளிநாட்டார் காப்புரிமை பெற்றமை இங்குப் பலமுறை பேசப்பட்டதாகும்.

இக்கடினமான முடிச்சை அவிழ்க்க அவுஸ்திரேலியாவில் ஒரு முயற்சி நடந்தது. தெனந்து கிறீக் என்னும் ஊரிலுள்ள வருமுங்கு மக்களோடு சேர்ந்து 2007இல் உருவாக்கிய களஞ்சியத்துக்கு 'முக்கூர்த்து' என்று பெயர். அவர் மொழியிற் பொருள்களைப் பத்திரமாய் வைக்கும் பையின் பெயர் அது. எதனை எவர் காணலாம் என அம்மக்களே விதிக்க, கணினி அதற்கு அடங்கி நடக்கும். பெண்களுக்குரியதைப் பெண்களே காண்பர். இறந்தவர் படத்தைக் காட்டுமுன் எச்சரிக்கை தோன்றும். ஈழத்துச் சுவடிக்காரர் இதனைக் கற்றல் தகும். ஏடு தரும் வைத்தியரிடம் 'தருகிறீரா, இல்லையா' என்று கேட்பது போதாது. எப்பகுதி எல்லார்க்கும், எப்பகுதி மருத்துவம் கற்பார்க்கு மட்டும், எப்பகுதி தம் குடும்பத்துக்கு மட்டும் என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். சேங்கொட்டை பற்றிய அச்சத்துக்கும் இதுவே மருந்தாம். 'அறிவை மறைத்தாற்றான் அழிந்தது. இனியேனும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்' என்போர் சொல்லிலும் நியாயம் உண்டு. தந்தை மகனுக்கும் சொல்லாது இறந்ததனால் ஒழிந்த முறைகள் பல. ஆயினும் கொடுப்பவன் விதித்த எல்லையை மதியாத களஞ்சியத்துக்கு அடுத்த முறை எவரும் கொடுக்கமாட்டார். படிநிலை வகுத்துத் திறத்தலே இரு சாராருக்கும் இசைந்த வழி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் பயிற்றப்படுகின்றது. ஏடு வாசித்தலும் வாசிப்போரைப் பதிதலும் அங்குள்ள மாணாக்கர்க்கு ஏற்ற பணி என்பதில் ஐயமில்லை. கொழும்பு மாணாக்கர்க்கு ஏடு எங்கே என்பர் சிலர். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகுந் தொலைவிலுள்ள புறக்கோட்டைக் கபோஸ் ஒழுங்கையிலே மருந்துச் சரக்குக் கடைகள் வரிசையாய் இருக்கின்றன. அங்குள்ளார் வேரையும் பட்டையையும் முகர்ந்து பார்த்தே பெயர் சொல்ல வல்லவர். ஒரே சரக்கைத் தமிழ் கேட்பார்க்கு ஒரு பெயராலும் சிங்களங் கேட்பார்க்கு வேறொரு பெயராலும் எடுத்துக் கொடுப்பர். பிள்ளைப்பேற்றின்பின் தாய்க்குச் சரக்குக்கறி வைக்கும் பெண்கள் இவ்வயலில் வீடுதோறும் உளர். எச்சரக்கை எந்நாளில் நிறுத்துவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை இவ்வூர் மேட்டிலேயே இருக்கின்றது. பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்ற இடமில்லை என்றுங் கூறல் இயலாது. ஒரு கைத்தொலைபேசி, ஒரு கொப்பி, சொன்னவர் இசைந்தார் என ஒரு கையொப்பம் ஆகிய மூன்றும் போதும். கொப்பியின் முதற் பக்கத்தில் மூன்று நிரை வரைந்து தேங்காய்ப்பூக்கீரை, சிறுபீளை, பொல்பலா என எழுதித் தொடங்கலாம்.